மாப்பிள்ளையின் லாரியும் பூமியின் சுற்றளவும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் என் தங்கையும் சின்னவனும் நலமா என்று கேட்பதும் முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் தனியாக இருக்கும்போது படிக்கவும். போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் வீட்டுப் போனை எப்போதும் என் தங்கைதான் எடுக்கிறாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போடுகிறாள், பக்கத்து வீட்டுக்காரி உட்பட எல்லோரும் கேட்கிறார்கள். அதனால்தான் இன்று மாலை ஆறு மணிக்கு இங்குள்ள உங்கள் கம்பெனி ஷெட்டிலிருந்து கிளம்பும் கண்ணாடிக்காரர் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிரித்துப் படிக்க மாட்டார். கண்ணாடி போட்டும் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது.

மாப்பிள்ளை, சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். நீங்கள் ஒவ்வொரு நடையிலும் நூற்று ஐம்பத்தொன்பது கிலோமீட்டர் எங்கே போய் வருகிறீர்கள்? சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் இதற்கு ஒரு பதில் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் வேலை போய்விடும். பதினொரு வருஷமாக ஒரே முதலாளியிடம் ஸ்டியரிங் பிடித்த மனுஷனின் வேலை, என் மகள் பாப்பாவுடைய ஒரு சார்ட் அட்டையால் போகப்போகிறது.

எப்படி என்று கேட்பீர்கள். போன செவ்வாய்க்கிழமை, உங்கள் ஓய்வு நாளில், பாப்பா சொன்னாள் என்று நீங்கள் மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு உச்சி வெயிலில் நிழலை அளந்தீர்களே, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அன்று அது எதற்கு என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது. இப்போது முழுதாகப் புரிந்துவிட்டது, புரிந்ததால்தான் தூக்கம் போய்விட்டது. பாப்பா சொல்கிறாள், சூரியன் ரொம்பத் தூரத்தில் இருப்பதால் அதன் வெளிச்சம் இங்கேயும் அங்கேயும் ஒரே சாய்வில்தான் வருகிறதாம். ஆனால் இங்கே நட்ட குச்சிக்கு நிழல் குட்டை, நேர் வடக்கே உங்கள் ஊரில் நட்ட குச்சிக்கு நிழல் நெட்டை. ஏன்? இரண்டு குச்சியும் நிமிர்ந்துதான் நிற்கின்றன, ஆனால் பூமி வளைந்திருப்பதால் இரண்டும் ஒரே பக்கம் நிமிரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறேன், நேர் மேலே போகிறேன், நேர் கீழே வருகிறேன், நேர் மேலே என்பது ஊருக்கு ஊர் வேறு என்று எனக்கு இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அந்தச் சாய்வு வித்தியாசம் வட்டத்தில் எத்தனை பங்கு என்று கண்டுபிடித்து, இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை அத்தனை தடவை பெருக்கினால் பூமியின் மொத்தச் சுற்றளவு வந்துவிடுமாம். சனிக்கிழமை பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி. பாப்பாவின் சார்ட் அதற்குத்தான்.

உங்கள் அளவு முப்பத்தாறு புள்ளி நான்கு சென்டிமீட்டர். உச்சி என்பது கடிகாரத்தில் பன்னிரண்டு அல்ல, நிழல் மிகக் குட்டையாகும் நேரம்தான் உச்சி என்று பாப்பா சொன்னதை நம்பி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவையாக அஞ்சு தடவை அளந்து, எல்லாவற்றையும் சிகரெட் அட்டையில் எழுதி, குட்டையானதற்கு அடியில் கோடு போட்டு அனுப்பினீர்கள். வகுப்பு டீச்சரே அதை வாங்கிப் பார்த்து, "இவரு எந்தக் காலேஜ்ல வேலை பாக்கறாரு?" என்று கேட்டாராம். "டைல்ஸ் லாரி ஓட்றாரு டீச்சர்" என்றதும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இங்கே அளந்தது நான். அதைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரிக்க வேண்டாம். அன்று இங்கே நிழல் குட்டையாகும் நேரம் பன்னிரண்டேகால் மணியை ஒட்டி. எனக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு மணிக்கு. மேனேஜரிடம் போய், "சார், பன்னெண்டேகாலுக்கு ஒரு பத்து நிமிஷம் மொட்டை மாடிக்குப் போய்ட்டு வரணும் சார், உச்சி வெயில் வேணும்" என்றேன். "ஒனக்கு எதுக்குய்யா உச்சி? ஒரு மணிக்குப் போ, அப்பவும் வெயில் இருக்கும்" என்றார். "ஒரு மணிக்கு அது உச்சி இல்ல சார்." "அப்ப ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு உச்சிய" என்று சொல்லிவிட்டு ஏ.சி. அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உலகத்துக்கெல்லாம் பொதுவாக வருகிற உச்சிப்பொழுது, சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவனுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான் வர வேண்டுமாம். சரி என்று பன்னிரண்டு பத்துக்கு லிஃப்டை ஒன்பதாவது மாடியில் நிறுத்தி, என் ஸ்டூலைக் கதவுக்கு நடுவில் குறுக்கே போட்டு, படியேறிப் போய்க் குச்சியை நட்டு, டேப்பை எடுத்து முழங்கால் போட்டு அளக்க ஆரம்பித்தேன். என் கெட்ட நேரம், அன்றைக்கென்று கீழே மூன்று பெரிய மனிதர்கள் வந்து லிஃப்டுக்கு நின்றிருக்கிறார்கள். மேனேஜர் ஒன்பது மாடியும் படியேறி, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். நின்றவர் சும்மா நிற்கவில்லை, தெற்குப் பக்கமாக வந்து நின்றார். அவர் நிழல் வந்து குச்சி நிழல் மேல் படுத்துவிட்டது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், பூமி மறையுது."

"என்னய்யா பண்ற?"

"பூமி எவ்ளோ பெருசுன்னு அளக்கறேன் சார்."

"லிஃப்ட நிறுத்திட்டா?"

"ஓடற லிஃப்ட்ல அளக்க முடியாது சார்."

மாப்பிள்ளை, நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பயத்தில் வந்துவிட்டது. அவர் தள்ளி நின்றதும் அவசரமாக அளந்தேன், சரியாக இருபத்தைந்து சென்டிமீட்டர். மறுநாள் காலை கையில் மெமோ. லிஃப்டை ஏன் நிறுத்தினாய், இதற்கு முன் எத்தனை முறை பூமியை அளந்திருக்கிறாய், யார் அனுமதித்தது என்று மூன்று கேள்வி. "இனிமேல் வேலை நேரத்தில் பூமியை அளக்க மாட்டேன், அளந்ததற்கு வருந்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதெல்லாம் என் பிரச்சினை, போகட்டும். உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன்.

நம் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் தூரம் எவ்வளவு என்று பாப்பா உங்களைக் கேட்டாள். நீங்கள் ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு மீட்டரில் தொள்ளாயிரம் கிலோமீட்டர், முதலாளிக்குக் கொடுக்கும் ட்ரிப் ஷீட்டிலும் அதையேதான் எழுதுகிறேன் என்றீர்கள். ரோடு வளைந்து நெளிந்து போவதற்காகப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள் என்றார் டீச்சர். எண்ணூற்றுப் பத்து. நிழல் கணக்கில் உங்கள் ஊர் சாய்வு இருபது டிகிரி, நம் ஊர் பதினாலு. வித்தியாசம் ஆறு. வட்டத்தில் அறுபதில் ஒரு பங்கு. எண்ணூற்றுப் பத்தை அறுபதால் பெருக்கினால் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு. புத்தகத்தில் போட்டிருப்பது நாற்பதாயிரம். எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் பூமி நம் வீட்டில் அதிகமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

டீச்சர் நல்லவர்தான். "நாப்பதாயிரம்னு போட்டுரும்மா, யாரு அளந்து பாக்கப் போறாங்க?" என்றிருக்கிறார். "நாங்க அளந்தோமே டீச்சர்" என்றிருக்கிறாள் உங்கள் மருமகள். அவள் வகுப்பில் இன்னும் ஆறு பேர் இதே கணக்கைச் செய்திருக்கிறார்களாம். ஆறு பேருக்கும் ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகாமல் புத்தகத்து எண்ணே வந்திருக்கிறது. ஆறு வீட்டு நிழலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் விழுந்திருக்கிறது. அதில் ஒரு பையன் வீட்டுக்கு மொட்டை மாடியே கிடையாது, வெயிலே நுழையாத சந்து. அவனுக்குத்தான் முதல் பரிசு என்று பேசிக்கொள்கிறார்கள். இதைக் கேட்டதும் பாப்பாவுக்கு வெறி வந்துவிட்டது. தப்பு எங்கே என்று தேடாமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்தாள். மாமா அஞ்சு தடவை அளந்திருக்கிறார், அது சரி. அப்பா அளக்கும்போது மேனேஜரே பக்கத்தில் இருந்தார், அதுவும் சரி. மிச்சம் என்ன? லாரி மீட்டர். புத்தகத்து நாற்பதாயிரத்தைத் தலைகீழாக வகுத்துக் கணக்குப் போட்டாள். ரோடு எழுநூற்று நாற்பத்தொன்றுதான் வர வேண்டும். தொள்ளாயிரத்தில் அது போக நூற்று ஐம்பத்தொன்பது.

"அப்பா, மாமா ஒவ்வொரு நடையும் நூத்தி அம்பத்தொம்பது கிலோமீட்டர் எங்கயோ சுத்திட்டுப் போறாருப்பா" என்று, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அடுப்படியில் இருந்த என் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள்.

"உள்ள போக எம்பது, வெளிய வர எம்பது. கணக்கு சரியாத்தானே இருக்கு" என்றாள். பள்ளிக்கூட வரைபடத்தை விரித்து, நூலை எண்பது கிலோமீட்டருக்கு வெட்டி, ரோட்டோரம் ஒவ்வோர் இடமாக வைத்துச் சுற்றிப் பார்த்தாள். ஒரு சர்க்கரை ஆலை வந்தது. ஒரு ஏரி வந்தது. ஒரு பெண்கள் விடுதி வந்தது. அதோடு நூலைக் கீழே வைத்துவிட்டாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. நான் என்ன செய்தேன்? லிஃப்டில் சுற்றி வர வழி ஏது? நான் அதையெல்லாம் நம்பவில்லை, மாப்பிள்ளை. நம்பவில்லை என்று இங்கே எழுதியும் விட்டேன். ஆனால் ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை கேட்கிறேன், அந்த ஏரிக்காவது போனீர்களா?

இதில் பெரிய ஆபத்து என்ன தெரியுமா? கண்காட்சியைத் திறந்து வைப்பது உங்கள் முதலாளி. அவர்தான் அந்தப் பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவர். ஒவ்வொரு சார்ட்டாக நின்று படித்துப் பார்ப்பாராம். பாப்பாவின் சார்ட்டுக்குத் தலைப்பு, "மாமாவின் லாரியும் பூமியின் சுற்றளவும்". லாரியைப் பூமியைவிடப் பெரிதாக வரைந்திருக்கிறாள். நம்பர் பிளேட்டும் போட்டிருக்கிறாள். கீழே சிவப்பு மையில், "பிழைக்குக் காரணம்: லாரி ஒரு நடைக்கு 159 கி.மீ. அதிகம் ஓடுகிறது." காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தேன். "பிழை எங்கன்னு எழுதணும்னு ரூல்ஸ்ல இருக்குப்பா" என்கிறாள். பிழைப்பு போனால் என்ன செய்வது என்று எந்த ரூல்ஸில் இருக்கிறது? அந்த முதலாளி, போன வருஷம் க்ளீனர் ஒருவன் கண்ணயர்ந்துவிட்டான் என்று வழியிலேயே இறக்கிவிட்டு, ஊருக்கு நடந்து போ என்று சொன்ன ஆள். உங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கச் சொல்வாரோ.

நேற்று மாலை பயம் தாங்காமல் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல் தங்கைதான் எடுத்தாள். ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. சுருக்கமாக, "லாரி மீட்டர்ல நூத்தி அம்பத்தொம்பது கிலோமீட்டர் கூட வருது, சனிக்கிழமைக்குள்ள முதலாளிக்குத் தெரிஞ்சிடும், மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு யாருக்கும் புரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

ஆகவே, மாப்பிள்ளை, இது கிடைத்த உடனே, மீட்டர் பழுது என்று மெக்கானிக் கையெழுத்தோடு ஒரு சீட்டு வாங்கிப் போட்டோ எடுத்து அனுப்பவும். பாப்பா அதை நம்பினால் சிவப்பு மையை மாற்றிவிடுவாள். இல்லையென்றால் பாலம் இடிந்து மாற்றுப்பாதையில் போகிறேன் என்று எழுதுங்கள். ஆனால் எந்தப் பாலம் என்று சரியாக எழுதுங்கள், அவள் வரைபடத்தில் தேடுவாள். எதுவும் முடியாவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். எந்த உண்மையாக இருந்தாலும் நான் உங்கள் பக்கம்தான், பெண்கள் விடுதியைத் தவிர.

தங்கைக்கு என் அன்பு. சின்னவனுக்கு எங்கள் ஆசிகள். அவன் படித்து, யாருக்கும் மெமோ எழுதிக் கொடுக்காத ஒரு வேலைக்குப் போக வேண்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஓட்டும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் தவிர வேறொன்றும் நாடாத,
மைத்துனன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடவும். உறையை ஒட்டப் போகும் நேரத்தில் என் மனைவி சார்ட்டுக்குச் சட்டம் போட அளவெடுக்க வந்தாள். பேச்சு வாக்கில், "அன்னிக்கு மாடியில எந்த டேப்ல அளந்தீங்க?" என்றாள். "உன் தையல் டேப்புலதான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அதுல மொதல் இன்ச்சே இல்லையே! நைஞ்சு போச்சுன்னு நான்தானே வெட்டிப் போட்டேன். வருஷக்கணக்கா ஒரு இன்ச் கழிச்சுத்தான் ஜாக்கெட்டே தைக்கிறேன். ஒம்பது மாடிய எண்ணத் தெரியுது, ஒண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்கத் தெரியல." நான் இருபத்தைந்து என்று படித்தது உண்மையில் இருபத்திரண்டரை. பாப்பா நிழலுக்குச் சாய்வு சொல்லும் அட்டவணையைப் பார்த்து மறுபடி கணக்குப் போட்டாள். சாய்வு வித்தியாசம் ஆறு இல்லை, ஏழு புள்ளி மூன்று இரண்டு. உங்கள் தொள்ளாயிரம் கிலோமீட்டரை வைத்தே பூமி முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வந்துவிட்டது. புத்தகத்துக்கு இருநூறுகூடக் குறையவில்லை. நீங்கள் எங்கேயும் போகவில்லை, மாப்பிள்ளை. ரோட்டில் நேராகப் போய் நேராக வந்திருக்கிறீர்கள். பூமியே சாட்சி. என்னை மன்னிக்கவும்.

இதை எழுதி முடிப்பதற்குள் தங்கை போன் செய்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், சரிதானா என்று பாருங்கள்.

"அண்ணே, அவரு காலையிலயே முதலாளிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டுட்டாருண்ணே."

"எதுக்கும்மா?"

"நூத்தி அம்பத்தொம்பது கிலோமீட்டருக்கு."

"எங்க போனேன்னு சொன்னாரு?"

"எங்கயும் போகலையாம். எப்பவும் போற வழியிலதான் போனாராம்."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

"முதலாளி கேக்கறதுக்கு முன்னாடி நாமளே கேட்டுட்டா நல்லதுன்னுட்டாரு."

மாப்பிள்ளை, உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பூமியை அளந்ததற்கு வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். கேட்டால் தலையாட்டுவது, கேட்காவிட்டாலும் தலையாட்டி வைப்பது, இதைத்தானே நமக்கெல்லாம் வேலை என்று பழக்கியிருக்கிறார்கள். முதலாளி உங்களை மன்னித்துவிட்டாராம். "ஒத்துக்கிட்டியே, அது போதும். இனிமே ஒரு நடைன்னா எழுநூத்தி நாப்பத்தொண்ணுதான். அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் மீட்டர்ல ஏறினா வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போயிடு" என்றாராம். நீங்களும் "சரிங்க முதலாளி" என்றீர்களாம். தொள்ளாயிரம் கிலோமீட்டர் ரோட்டை எழுநூற்று நாற்பத்தொன்றில் எப்படி ஓட்டுவீர்கள் என்று நீங்களும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பாப்பா கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் அதையும் கணக்குப் போட்டாள். ரோடு எழுநூற்று நாற்பத்தொன்றுதான் என்றால் பூமி முப்பத்திரண்டாயிரத்து எண்ணூறாகச் சுருங்கிவிடுமாம். இப்போது சார்ட்டில் சிவப்பு மையை அழித்துவிட்டு இரண்டு வட்டம் வரைந்து முடித்துவிட்டாள். பெரியதற்குக் கீழே "பூமி" என்று எழுதியிருக்கிறாள். சின்னதற்குக் கீழே "முதலாளியின் பூமி". பக்கத்தில் உங்கள் லாரி, நம்பர் பிளேட்டோடு. நான் "வேணாம்மா, மாமா வேலை போயிடும்" என்றேன். "அளந்தது நீங்களும் மாமாவும். கணக்குப் போட்டது நான். ரோடு போட்டது கவர்மெண்ட். இதுல முதலாளி எங்கப்பா வர்றாரு?" என்கிறாள்.

என் பேச்சு எடுபடாது. டேப்பைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவன் என்று வீட்டில் என் பெயர் கெட்டுவிட்டது. அவள் மதிப்பது அஞ்சு தடவை அளந்த உங்களை மட்டும்தான். சார்ட்டைப் பார்த்து அவள் பக்கத்தில் நிற்பீர்களோ, அழிக்கச் சொல்வீர்களோ, அது உங்கள் இஷ்டம். எதுவானாலும் சனிக்கிழமை பத்து மணிக்குள் வந்துவிடவும். ரொம்பத் தூரமும் இல்லை. எழுநூற்று நாற்பத்தொரு கிலோமீட்டர்தானே.